வீட்டிலேயே ஆய்வுக்கூடம்: முற்றத்து நிழலும் அழிக்கப்பட்ட எண்ணும்

 

இந்தப் பகுதியில் நாம் செய்துவரும் சோதனைகள் அனைத்திலும் செலவு குறைந்தது இம்மாதச் சோதனைதான். அமிலம் வேண்டாம், மின்கலம் வேண்டாம், கண்ணாடிக் குடுவையும் வேண்டாம். நேரான ஒரு குச்சியும் நல்ல வெயிலும் போதும். வெயிலுக்கு நம் விழுப்புரம் மாவட்டத்தில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை!

'நிழலை அளப்பதெல்லாம் ஒரு சோதனையா?' என்று முகம் சுளிக்காதீர்கள். பூமியின் சுற்றளவை மனிதன் முதன்முதலில் கணக்கிட்டது நிழலைக் கொண்டுதான். உங்கள் வீட்டில் நாள்தோறும் லுஹர், அஸர் தொழுகைகளின் நேரத்தைக் குறிப்பதும் நிழல்தான். ஆனால் இவற்றைவிடப் பெரியதொரு பாடத்தையும் இந்த நிழல் கற்றுத் தரும். அதைச் சொல்வதற்கு முன் சோதனையைப் பார்த்துவிடுவோம்.

தேவையான பொருள்கள்

தரைக்கு மேல் சரியாக 100 சென்டிமீட்டர் நிற்கும்படி நேரான குச்சி அல்லது கம்பி ஒன்று. அதை நட்டு வைக்க மண் நிரப்பிய பழைய பெயிண்ட் டப்பா. டப்பாவைப் பயன்படுத்துவோர் அதன் உயரத்தையும் சேர்த்து 100 சென்டிமீட்டர் வருமாறு பார்த்துக்கொள்ளவும். நூலில் கட்டிய ஒரு சிறு கல். அம்மாவின் தையல் பெட்டியிலுள்ள அளவு நாடா. ஒரு சாக்கட்டி, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, ஒரு பேனா.

பென்சில் என்று சொல்லாமல் பேனா என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சற்றுப் பொறுங்கள்.

செய்முறை

காலை முதல் மாலை வரை வெயில் விழுகின்ற முற்றத்தையோ மொட்டை மாடியையோ தேர்ந்தெடுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது ஒரே பக்கமாக ஓடினால் வேறு இடம் தேடுங்கள். குச்சியை நட்டபின், கல் கட்டிய நூலை அதன் அருகே தொங்கவிட்டு, நூலும் குச்சியும் எல்லாப் பக்கமும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குச்சி சற்றுச் சாய்ந்தாலும் நிழல் பொய் சொல்லும்.

இனி, குச்சியின் அடியை நடுவாகக் கொண்டு 70 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தைச் சாக்கட்டியால் வரையுங்கள். காலையில் நிழல் நீளமாக இருப்பதால் அதன் முனை வட்டத்திற்கு வெளியே இருக்கும். பொழுது ஏற ஏற நிழல் குறுகும். நிழலின் முனை வட்டக் கோட்டைத் தொட்டு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். நண்பகலுக்குப் பின் நிழல் மீண்டும் நீளும். முனை வட்டத்தைத் தொட்டு வெளியேறும் இடத்திலும் ஒரு புள்ளி வைத்து நேரத்தை எழுதுங்கள்.

இரண்டு நேரங்களுக்கும் நடுவே உள்ள நேரம்தான் உங்கள் ஊரின் உண்மையான நண்பகல். இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்து, அக்கோட்டின் நடுவிலிருந்து குச்சியின் அடிக்கு மற்றொரு கோடு இழுத்தால், அது மிகச் சரியான வடக்கு-தெற்குக் கோடு. திசைகாட்டி இல்லாமலே திசை கிடைத்துவிட்டது! இக்கோட்டைக் கொண்டு பார்த்தால் மற்றொன்றும் விளங்கும். நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது.

நண்பகலில் நிழல் மிகக் குறுகியிருக்கும்போது அதன் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். முனை சற்று மங்கலாகத் தெரியும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால், முனையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அரைநிழல் விழுகிறது. அந்த மங்கலின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: நிழலை மட்டுமே பாருங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கண்ணின் விழித்திரைக்கு ஏற்படும் கேடு வலியில்லாமலே வந்துவிடும். உச்சி வெயிலில் தலையில் துணி போட்டுக்கொண்டு, அளந்தவுடன் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

ஓர் அழிரப்பரின் கதை

விழுப்புரத்திற்கும் திருவண்ணாமலைக்கும் இடையே உள்ள கண்டாச்சிபுரத்தில் என் தங்கை வாழ்கிறாள். அவளுடைய மகள் எட்டாம் வகுப்பு மாணவி. பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் வாரத்தில் அங்கே சென்றிருந்தபோது, இந்தச் சோதனையை அவளிடம் சொன்னேன். மறுநாள் காலையிலேயே மொட்டை மாடியில் வட்டம் வரைந்துவிட்டாள். நாள் முழுவதும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

மாலையில் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். காலை 10.53க்கு நிழல் வட்டத்திற்குள் நுழைந்தது, பிற்பகல் 2.01க்கு வெளியேறியது. அதன் கீழே, 'நண்பகல்: 12.00' என்று எழுதியிருந்தாள்.

அந்த 12.00 இருந்த இடத்தில் மட்டும் தாள் தேய்ந்து, மெலிந்து போயிருந்தது. முதலில் வேறொன்றை எழுதி, அதை ரப்பரால் அழித்திருக்கிறாள்.

"இங்கே முதலில் என்ன எழுதியிருந்தாய், அம்மா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "12.27 என்று வந்தது, மாமா. நண்பகல் என்றால் பன்னிரண்டு மணிதானே? நான்தான் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்துச் சரிசெய்துவிட்டேன்" என்றாள்.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. காரணம் சொல்கிறேன். மேல்நிலை வகுப்பில் நாங்கள் தனி ஊசல் சோதனை செய்தோம். புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு 980 என்று புத்தகம் சொன்னது. எனவே விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அலைவு நேரங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு நிரப்பினோம். ஊசல் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தோம்! முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. நம் பகுதியில் அதன் மதிப்பு ஏறக்குறைய 978 என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன். அன்று எங்கள் வகுப்பில் எவருடைய நோட்டிலும் அந்த எண் இல்லை. அளந்திருந்தால்தானே வரும்!

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை எங்கள் தாயார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர்கள். ஆனால் அறுபது ஆண்டுகளாக ஐந்து வேளையும் நேரம் பார்த்துத் தொழுது வருபவர்கள்.

"பன்னிரண்டு மணிக்குள் லுஹர் வருவது ஐப்பசி மாதத்தில்தானே? தைக் கடைசியில் அரை மணி நேரம் தள்ளித்தான் வரும். சுவரில் பார்" என்றார்கள்.

சிறுமி எழுந்து சென்று, பள்ளிவாசலில் தந்த தொழுகை நேர அட்டவணையைப் பார்த்தாள். அன்றைய தேதிக்கு நேராக, லுஹர் தொடக்கம் 12.28 என்று அச்சிடப்பட்டிருந்தது. சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்த பின்னரே லுஹர் தொடங்கும் அல்லவா? அவள் அழித்த 12.27, பிழையே இல்லாத எண்!

சற்று நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "நன்னிமா, இது இத்தனை நாளும் நம் சுவரில்தானே இருந்தது?" என்று கேட்டாள்.

ஏன் பன்னிரண்டு மணி அன்று?

இதற்குக் காரணங்கள் இரண்டு. இந்தியா முழுவதற்கும் நாம் பயன்படுத்தும் நேரம், உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரமாகும். கண்டாச்சிபுரம் அதற்கு மேற்கே மூன்று பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளியிருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே சூரியன் நம் தலைக்கு மேல் வருவதற்கு ஏறக்குறைய 13 நிமிடங்கள் தாமதமாகிறது.

பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றாமல் நீள்வட்டத்தில் சுற்றுவதும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் இரண்டாவது காரணம். இவ்விரண்டும் சேர்ந்து உண்மையான நண்பகலை ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாக நகர்த்துகின்றன. பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. எனவே கண்டாச்சிபுரத்தில் பிப்ரவரியில் 12.27க்கு வரும் நண்பகல், நவம்பர் தொடக்கத்தில் 11.56 அளவிலேயே வந்துவிடுகிறது. எங்கள் தாயார் சொன்ன ஐப்பசிக் கணக்கு எவ்வளவு துல்லியமானது பாருங்கள்!

கடிகாரத்தின் பன்னிரண்டு மணி என்பது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. இன்றைய இந்திய நேரம் 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இந்திய இரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின. அந்த நேரத்தைக் கணித்தது நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுப்பப்பட்ட வானாய்வு நிலையம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டுப் பொறிக்கப்பட்ட அதன் கருங்கல் தூண், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் அனுமதி பெற்றுப் பாருங்கள்.

இந்திய வட்டம்

நீங்கள் முற்றத்தில் வரைந்த வட்டத்திற்கு ஒரு பெயர் உண்டு. அரபு வானியல் அறிஞர்கள் இதை 'இந்திய வட்டம்' என்று அழைத்தார்கள். நம் நாட்டில் தோன்றிய முறை என்பதை மறைக்காமல், பெயரிலேயே நன்றியுடன் பதிந்து வைத்தார்கள். இதைக் கொண்டு திசை கண்டு கிப்லாவைக் கணித்தார்கள். நேரம் கணிப்பதற்கென்றே பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் அலுவலர்கள் இருந்தார்கள். திமிஷ்கு நகரின் உமையா பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர், அதன் மினாராவுக்காக 1371இல் ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தைச் செய்தார்.

நிழல்களைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதியவர் அல்பிரூனி. பூமியின் அளவு பற்றித் தமக்கு முன்னிருந்தோர் கூறிய எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் கண்டார் அவர். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு பேசாமல் இருந்துவிடவில்லை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டை மலையில் ஏறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதைத் தாமே அளந்து, வேறொரு வழியில் கணக்கிட்டுப் பார்த்தார். பெரியோர் சொன்னதை மதித்தார். ஆயினும் அளந்து பார்த்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை அவரிடம் நாம் கற்க வேண்டும்.

நிழல் ஒளிந்துகொள்ளும் நாள்

சோதனையை ஒரு நாளோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்திற்கு ஒருமுறை நண்பகல் நிழலை அளந்து வாருங்கள். கண்டாச்சிபுரத்தில் டிசம்பர் 22ஐ ஒட்டி 100 சென்டிமீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் வடக்கு நோக்கி 71 சென்டிமீட்டர் நீளும். பிறகு நாளுக்கு நாள் குறுகும். ஏப்ரல் 22ஐ ஒட்டி நிழலே இராது! சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடுவதால், குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளரைச் சுற்றிலும் நிழல் தெரியாது. இதையே 'நிழலில்லா நாள்' என்கிறோம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் பல ஊர்களில் மாணவர்களைக் கூட்டி இந்நாளைக் காட்டி வருகின்றன.

எல்லா ஊர்களுக்கும் இந்நாள் ஒன்றன்று. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் வரும். அதன்பின் நம் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் திரும்பிவிடும். ஜூன் 21ஐ ஒட்டித் தெற்கே 20 சென்டிமீட்டர் வரை சென்று, மீண்டும் குறுகி, ஆகஸ்ட் 21ஐ ஒட்டி இரண்டாம் முறை மறையும்.

நிழலில்லா நாளில் அஸர் கணக்கைப் புரிந்துகொள்வது எளிது. நண்பகல் நிழலுடன் பொருளின் நீளமும் சேர்ந்த அளவுக்கு நிழல் வளரும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கு. பொருளின் நீளத்தைப் போல் இருமடங்கு சேர வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபினர் பெரும்பாலும் பின்பற்றும் கணக்கு. நண்பகல் நிழல் இல்லாத அன்று, உங்கள் குச்சியின் நிழல் 100 சென்டிமீட்டரைத் தொடும்போது கடிகாரம் 3.15ஐ ஒட்டியும், 200 சென்டிமீட்டரைத் தொடும்போது 4.30ஐ ஒட்டியும் காட்டும். இரு அட்டவணைகளுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்பதை உங்கள் முற்றமே காட்டிவிடும். இது விளங்கிக்கொள்வதற்கான சோதனை மட்டுமே. தொழுகைக்கு உங்கள் பள்ளிவாசலின் அட்டவணையையே பின்பற்றுங்கள்.

முற்றத்திலிருந்து பூமியை அளப்போம்

ஏறக்குறைய 2200 ஆண்டுகளுக்கு முன், எகிப்தில் வாழ்ந்த எரட்டோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர், இன்று அஸ்வான் எனப்படும் ஊரில் நண்பகல் நிழல் மறையும் நாளன்று அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் எவ்வளவு என்று பார்த்தார். அது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. எனவே இரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார்.

ஏப்ரல் 22 அன்று நம் கண்டாச்சிபுரமே அந்த அஸ்வான் ஆகிவிடுகிறது! டெல்லியில் உறவினரோ நண்பரோ இருந்தால், அதே நாளில் அங்குள்ள நண்பகலில் 100 சென்டிமீட்டர் குச்சியின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வரும். அவ்வளவுகளைக் கொண்டு தாளில் செங்கோண முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளந்தால், உச்சிக் கோணம் 16.5 பாகை அளவில் இருக்கும். வடக்கு-தெற்காக மட்டும் எடுத்துக்கொண்டால் இரு ஊர்களுக்கும் இடையே சுமார் 1,830 கிலோமீட்டர். 360ஐ 16.5ஆல் வகுத்து 1,830ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 39,900 கிலோமீட்டர்! பூமியின் உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஒரு குச்சியையும் ஒரு தொலைபேசி அழைப்பையும் கொண்டு பூமியை அளந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு 37,000 என்றோ 43,000 என்றோ வரக்கூடும். வரட்டும். அப்படியே எழுதுங்கள். குச்சி சாய்ந்திருந்ததா, தரை சரிந்திருந்ததா, கடிகாரம் பிந்தியதா என்று பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். எண்ணைத் திருத்தாதீர்கள்.

அளவை என்பது சாட்சியம்

பென்சில் வேண்டாம், பேனா வேண்டும் என்று சொன்னதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். தவறாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் ஒரு கோடு மட்டும் இழுத்து, அருகில் புதியதை எழுதுங்கள். பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். ஆய்வுக்கூடங்களில் பணிபுரிவோர் கடைப்பிடிக்கும் முறையும் இதுதான்.

கண்ணால் கண்டதைக் கண்டபடி சொல்வதே சாட்சி. கேட்பவர் எதிர்பார்ப்பதைச் சொல்வது சாட்சி ஆகாது. நாளை நீங்கள் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் இரத்த அழுத்தத்தைக் குறிப்பவராகலாம். ஏரிக்கரையில் நின்று நீர்மட்டத்தை எழுதுபவராகலாம். பாலத்துக்கான கம்பியின் வலிமையைச் சோதிப்பவராகலாம். அங்கே 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று எழுதப்படும் ஒரு பொய் எண், ஓர் உயிரையே விலையாகக் கேட்கும். அந்தப் பழக்கம் அங்கே தொடங்குவதில்லை. எட்டாம் வகுப்பு நோட்டில், ஒரு சிறிய ரப்பரில் தொடங்குகிறது. அழித்த குழந்தையின் மீது மட்டும் குற்றமில்லை. சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண் தந்து, நேர்மையான விடையை 'தவறு' என்று அடித்துவிடும் பெரியவர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு. பெற்றோரே, பிள்ளை நோட்டைக் கொண்டுவரும்போது 'சரியாக வந்ததா?' என்று கேட்பதற்கு முன், 'என்ன வந்தது?' என்று கேளுங்கள்.

என் தங்கை மகள் அன்றிரவே அந்தப் பக்கத்தைத் திறந்து, 12.00 என்பதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 12.27 என்று எழுதினாள். அதன் கீழே, 'முதலில் இதுவே வந்தது. நான் அழித்துவிட்டேன்' என்றும் எழுதி, தேதியிட்டாள். அவளுடைய நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

உங்களுக்கான வேலை இதோ. மார்ச் 21 அன்று, உங்கள் ஊரில் 100 சென்டிமீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் எவ்வளவு? நண்பகல் எத்தனை மணிக்கு வந்தது? விடையை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், நாங்கள் ஊசலைச் செய்ததுபோல் நீங்கள் நிழலைச் செய்துவிடுவீர்கள்! அளந்ததை அளந்தபடியே ஊர்ப் பெயருடன் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அவற்றுடனேயே அனுப்புங்கள்.

அடுத்த மாதம் மற்றொரு சோதனையுடன் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.